துளசியின் கொண்டைக்கு மணிப்பூ

யூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து கடற்காற்றும் தூறலும். துணி காயவில்லை. மகளின் கலியாண எழுத்து இந்த ஞாயிறு. கொண்டையைச் சுற்றி வைக்க மணிப்பூச் சரம் முடித்துவிட்டேன். சின்ன மணிகளை ஒவ்வொரு இதழாகக் கம்பியில் கோத்து முறுக்கியது. துளசி கண்ணாடி முன் வைத்துப் பார்த்தாள். கழற்றினாள்.

"வடிவுதான் அம்மா, ஆனா பாரமா இருக்கு. கோவிக்காதேங்கோ, பரீனா அன்ரியிட்ட வேற ஒண்டு செய்யச் சொல்லிட்டன்."

பரீனா. கீழ்வீட்டுக்காரி. போன வருடம் குறடு பிடிக்கத் தெரியாமல் என் மேசையில் வந்து உட்கார்ந்தவள். இதழ் முறுக்கக் காட்டிக்கொடுத்ததே நான்.

"சரி பிள்ளை" என்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

யூலை 2, புதன்

மழை. வாங்க: தேங்காய், கற்பூரம், இவருக்கு வேட்டி. பரீனா வட்டிலப்பம் தந்துவிட்ட கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் கீழே போனேன். மேசையில் பாதிச் சரம். எல்லாம் மல்லிகை மொட்டு. இதழ் உள்ளே வளைந்து, இப்போதுதான் விரியப் போகிற மாதிரி. எனக்கு ஒருநாளும் அப்படி வளைந்ததில்லை. அவளுக்குச் சின்ன விரல். அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

மேலே வந்ததும் இவர் கேட்டார்: "எப்பிடி, நல்லா இருக்கோ?"

"பரவாயில்லை."

யூலை 4, வெள்ளி

பின்னேரம் பரீனா மேலே வந்தாள்.

"அக்கா, வெள்ள மணி கொஞ்சம் ஈக்கா? முடிஞ்சி போச்சி. கடைலயும் இல்லயாம்."

மேசை லாச்சிக்குள் இரண்டு பைக்கற் இருந்தது.

"இல்லை பரீனா. என்னட்டயும் முடிஞ்சுது."

நம்பிவிட்டாள். "பரவால்ல அக்கா." படியிறங்கும் சத்தம். கதவைச் சாத்திவிட்டு நின்றேன். சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். பிறகுதான் நினைவு வந்தது, அது என் பிள்ளையின் தலைக்கு. அப்போதும் கூப்பிடவில்லை.

யூலை 6, ஞாயிறு

நல்ல வெயில். எழுத்து நல்லபடி முடிந்தது. சாப்பாட்டில் உப்புக் குறைவு.

விடியவே பரீனா சரத்தோடு வந்தாள். வெள்ளை போதாமல் ஒவ்வொரு மொட்டின் அடியிலும் இளம்பச்சை மணி வைத்திருந்தாள். அப்படியே கொடியிலிருந்து பறித்தது மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து மணந்து பார்த்தார்!

பரீனா எல்லோரிடமும், "அக்காதானே எனக்குப் பழக்கித் தந்த." சும்மா இருந்திருக்கலாம் அவள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அம்மா, எப்பிடி?" துளசி திரும்பி நின்று காட்டினாள்.

"வடிவு" என்றேன். கண் கலங்கிவிட்டது. மகள் போகிற கவலை என்று ஆளுக்காள் தேற்றினார்கள். தேற்ற விட்டேன்.

யூலை 7, திங்கள்

கால் வீக்கம். வாடகைக் கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் மச்சாள் ஃபோன் எடுத்தாள்.

"அன்ரி, அந்தப் பூச் செய்தவவின்ர நம்பர் தாங்கோ. எனக்கும் தை மாதம் கலியாணம்."

"அவவுக்குப் பழக்கினதே நான்தான்" என்றேன்.

"ஓ, அப்பிடியே? நம்பரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

சொன்னேன். கடைசி இலக்கத்தில் கொஞ்சம் நின்றேன். "அன்ரி?" என்றாள். சரியானதைத்தான் சொன்னேன்.