முசியே அர்மானுக்கு ‘இல்லை’ சொன்ன பங்குனி

திங்கள், மார்ச் 4

காலை வெயில். பத்து மணிக்கு மழை. பதினொன்றுக்குத் தென்துருவம். மெல்பேர்ன் வானத்தைக் கண்டிக்க ஆளில்லை.

பிரெஞ்சு இலக்கியத்தின் தலைவிதி இன்று காலை என் கையில் ஒப்படைக்கப்பட்டது. இடம்: ஸ்பிறிங்வேல், ஒரு வீட்டுக் கராஜ்.

விபரம். எங்கள் பிரெஞ்சு டிப்ளோமா வகுப்பில் எல்லாரும் இந்த வருடம் பிரெஞ்சு புழங்கும் ஓரிடத்தில் பயிற்சி செய்ய வேணும். கிழமைக்கு மூன்று நாள். ஒருத்தருக்கு வைன் இறக்குமதிக் கொம்பனி. ஒருத்திக்கு விமானக் கொம்பனி. எனக்கு, மொரிஷியஸில் இருந்து வந்து குடியேறிய ஆட்கள் நடத்தும் காலாண்டுச் சஞ்சிகை. கதை, கவிதை, எல்லாம் பிரெஞ்சில். வைன் கிடைத்தவர் எனக்காக இரங்கினார். நான் அவருக்காக.

ஆசிரியர்: மடாம் சொலாஞ்ச். இனி ம.சொ. வயது அறுபது இருக்கும். உயரம் ஐந்தடி, குரல் பன்னிரண்டடி. கராஜில் உள்ளவை: பிரதி எடுக்கும் ரோணியோ மெஷின் 1, ரைப்ரைட்டர் 1, கதிரை 2, ஹீட்டர் 1 (இறந்துவிட்டது), கவிதைகள் ஏறக்குறைய இமயமலை.

இரண்டு கிழமை பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் பேராசிரியருக்கு ஒரு போன். பிறகு நான் யூனிவர்சிட்டி லைபிரரியின் நிலவறையில் புத்தக முதுகுகளுக்கு லேபல் ஒட்ட வேண்டியதுதான்.

பதினொரு மணிக்குத் தேத்தண்ணியும் ஒரு பலகாரமும். பெயர் ‘காத்தோ பிமான்’. மொரிஷியஸின் தேசிய உணவு என்று ம.சொ. பெருமையோடு தட்டை நீட்டினார். கடித்தேன். கடலைப் பருப்பு வடை. வெங்காயம், பச்சை மிளகாய், எல்லாம் சரி. அதன் பிறப்புரிமை பற்றி வாய் திறக்கவில்லை. ஆறு சாப்பிட்டேன்.

செவ்வாய், 5

மழை. குடை றெயினில் போய்விட்டது. என்னை விட்டுவிட்டுத் தனியாக டாண்டினோங் போயிருக்கும்.

நாள் முழுக்கக் கவிதை வாசிப்பு. கடல் பற்றி: அநேகம். அம்மா பற்றி: மிச்சம்.

இதை எங்காவது எழுதி வைக்க வேணும், இங்கேயே எழுதுகிறேன். நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிறர் எழுதியதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கொடுத்தே காலம் போனது. அச்சாகுமுன் ஒரு கவிதை எப்படி இருக்கும் என்று இன்றுதான் கண்டேன். அடித்தல், திருத்தல், ஓரத்தில் தேத்தண்ணிக் கறை. கையில் பிடித்தால் கொஞ்சம் சூடு மாதிரி. கடவுளே, என்னை லேபல் ஒட்ட அனுப்பாதே.

வியாழன், 7

வெயில். நம்பவில்லை, கோட் போட்டுப் போனேன். சரியாயிற்று.

ம.சொ. ஸ்டென்சில் வெட்டுகிற அவசரம். நாலு பேருக்கு மறுப்புக் கடிதம் எழுதச் சொன்னார். “சுருக்கமாக, அன்பாக” என்றார். சுருக்கம் என் குடும்பத்தில் எவருக்கும் வராத வியாதி. அன்பு தாராளம். ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். நெப்போலியன் மனைவிக்குக்கூட இப்படி எழுதியிருக்க மாட்டான்.

அர்மான் என்பவருக்குப் போனதுதான் என் மகுடம். டாண்டினோங்கில் ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிறவராம். பதினாலு கடல் கவிதைகள். அவருக்கு எழுதியது: “தங்கள் கவிதைகள் பெரியவை, எமது சஞ்சிகையோ சிறு வீடு. இத்தகைய விருந்தினரை இச்சிறு வீட்டில் இருத்த எமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறுதலாக யோசித்து அறிவிப்போம்.”

ம.சொ. வாசிக்காமலே என் பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தார். மை காயுமுன் தபாலில் போட்டேன்.

அறையில் என்னோடு இருக்கும் டானியல் (மலேசியா, ஈப்போப் பையன், எஞ்சினியரிங், என்னைவிடப் பதினெட்டு வயது இளமை) கடிதத்தின் பிரதியைத் தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னேன். “அங்கிள், இது ‘வேணாம்’னு சொல்ற லெட்டரா?” என்றான். இதைவிடத் தெளிவாக எப்படியடா சொல்வது என்று கேட்டேன். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் “யோசிச்சு அறிவிக்கிறம்” என்று சொல்லிப் படலையைச் சாத்தினால் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் விளங்கும்.

“பூனைக்கு விளங்கும் லா. மொரிஷியஸ்காரனுக்கு?” என்றான். பொறாமை.

செவ்வாய், 12

காற்று. ஸ்பிறிங்வேல் ஸ்ரேசனில் ஒருவரின் தொப்பி பறந்து தண்டவாளத்தைத் தாண்டியது. என் மானமும் இன்று அதே திசையில்.

காலைத் தபால். கடிதம் போன நாலு பேரில் மூன்று பேர் கவிதையை ஏற்றதற்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு அம்மையாருக்குச் சொந்தக்காரருக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி வேணுமாம். இன்னொருவர் தன் படத்தையும் வைத்து அனுப்பியிருந்தார். பக்கவாட்டுத் தோற்றம்.

ம.சொ. என்னைப் பார்த்தார். நான் ரோணியோவைப் பார்த்தேன். பிரதிகளை எடுக்கச் சொன்னார். வாசித்தார். இரண்டாம் பக்கம் வரும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார், அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை என்பதுபோல.

அந்த நேரம் பார்த்து கராஜ் வாசலில் ஒரு பழைய ஹோல்டன் கார். இறங்கியவர் முசியே அர்மான். கூட மனைவி, கையில் தேங்காய்க் கேக். ஐம்பது வயது, அகன்ற தோள், வெட்கச் சிரிப்பு. கடிதம் எழுதிய பெரியவரைப் பார்க்க வேணுமென்று வந்தாராம். என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்மூட்டு கன்பரா போய்த் திரும்பியது. ஞாயிறு மத்தியானம் வீட்டில் விருந்து, ஆட்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, நீங்கள் கட்டாயம் வர வேணும்.

நான் என்ன சொல்லியிருக்க வேணும்? என்ன சொன்னேன்? “பார்ப்போம்” என்றேன். மனிதர் இன்னும் சந்தோஷமாகப் போனார்.

கார் போனபின் ம.சொ. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயம். மற்ற மூன்று பேருக்கும் தானே போன் பண்ணுவாராம். அர்மான் என்னுடைய ஆள். ஞாயிற்றுக்கிழமை முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல வேணும். சொல்லாவிட்டால் திங்கள் காலை பேராசிரியருக்குப் போன்.

“மனிதரை நோகாமல் அனுப்பத் தெரிந்தவர்கள் எனக்கு வேண்டாம், முசியே. நொந்தாலும் திரும்பி வரச்செய்கிறவர்தான் வேணும்.”

கேக்கை அவரே வெட்டி எனக்கும் ஒரு துண்டு வைத்தார். இறங்கவில்லை. இரண்டாம் துண்டு இறங்கியது.

வியாழன், 14

மேகம். எனக்குத் தடிமன், மூக்கொழுக்கு.

கண்ணாடி முன் நின்று பிரெஞ்சு ‘இல்லை’யை, ‘நோன்’, சொல்லிப் பழகினேன். டானியல் அர்மானாக நின்றான். மூன்று தரமும் கடைசியில் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டேன். “அங்கிள், நீங்க லேபல் ஒட்டப் போறது கன்ஃபர்ம்” என்று சொல்லிக்கொண்டே குடித்தான். ஆனால் ஞாயிறு குளிரும் என்று தன் புது ஜம்பரைத் தருகிறானாம். நல்ல பிள்ளை. கை மட்டும் எனக்குக் குட்டை.

பதினாலு கவிதையையும் திரும்ப வாசித்தேன். நல்லதாக ஒன்றாவது வந்துவிடாதா என்று. வரவில்லை. பன்னிரண்டு சந்திரன், ஒன்பது நீலப் பட்டு. ஒரே ஒரு இடத்தில் நின்றேன்.

ஞாயிறு, 17

வெயில், காற்றில்லை. வானம்கூட விருந்துக்கு உடுத்தியிருந்தது.

டாண்டினோங். பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுழல் கம்பியின் கீழ் மேசைகள். மொரிஷியஸ் தீவில் இன்று எவரும் இருந்திருக்க முடியாது, எல்லாரும் இங்கே. தம்பி, தம்பியின் மாமியார், தொழிற்சாலைக் கூட்டாளிகள், குழந்தைகள் நாலாயிரம். அர்மானின் மனைவி என்னைத் தலைமாட்டுக் கதிரையில் இருத்தினார். பெரியவர் வந்திட்டார் என்று ஆளுக்காள் சொல்வது கேட்டது. ஆட்டுக்கறி வாசம் மெல்பேர்ன் எல்லை வரை.

சாப்பிட்டபின் சொல்லலாம் என்று மனம் சொன்னது. கறியைத் தின்றுவிட்டு எந்த வாயால் சொல்வது? எழும்பினேன். அர்மானை வீட்டுக்குப் பக்கவாட்டில், குப்பை வாளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

உங்கள் கவிதைகளை நாங்கள் போடவில்லை என்றேன். இந்த இதழில் இடமில்லையா என்று கேட்டார். அடுத்ததிலா?

“இல்லை. அடுத்ததிலும் இல்லை.”

சொல்லிவிட்டேன். பூமி பிளக்கவில்லை. அது பிளந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் நீலப் பெயின்ற். பிறகு சேர்ட் பொக்கற்றில் இருந்து என் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது, மடிப்பு தேய்ந்து போயிருந்தது. எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினாரோ.

“இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீங்கள். இதில் எது உண்மை?”

எல்லாம் உண்மை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நாற்பத்தொரு வருடப் பழக்கம். விழுங்கினேன்.

“ஒரு வரி” என்றேன். கடிதத்தில் இல்லாத ஒன்று. அவருடைய வரி. ஏழாவது கவிதை. தாளைப் பார்க்காமல் சொன்னேன்: ‘இந்த ஊர்க் கடலில் கையை வைத்தேன், அது என்னை யாரென்று கேட்டது.’

“பதினாலு கவிதையில் ஒரு வரி” என்றார்.

“ஓம்” என்றேன், தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகவா என்று கேட்டேன். திரும்பினார். கண் ஓரம் ஈரம்.

“எங்கே போறது? ஆடு வெட்டியாச்சு, முசியே. நீங்கள் சொன்னதுக்காக அது எழும்பி ஓடாது. வாங்கோ.”

மேசையடியில் நின்று அவரே எல்லாருக்கும் சொன்னார். சஞ்சிகையில் வராது. ஆனால் இந்த மனிதருக்கு என் வரி ஒன்று மனப்பாடம். தம்பியின் மாமியார், காது கேளாதவர், அவர் மட்டும் கை தட்டினார். பிறகு கறி பரிமாறினார்கள்.

அவருடைய மனைவி கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தட்டில் எலும்பு மட்டும் விழுந்தது. நியாயம். ருசியான எலும்பு.

றெயினில் திரும்பி வரும்போது சந்தோஷம் இல்லை. ஆனால் எவரிடமும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. புது மாதிரியான வெறுமை, சப்பாத்தைக் கழற்றினாற்போல.

திங்கள், 18

தூறல். குடை இல்லை. அது பரவாயில்லை.

கராஜ் திறந்திருந்தது. ம.சொ. எனக்கு முன்பே வந்து ரைப்ரைட்டரில். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அர்மான் நேற்றே போன் பண்ணிவிட்டாராம். திட்டினாரா என்று கேட்டேன். திட்டினாராம், நல்லாகவே. பிறகு, இன்னும் கவிதை எழுதி அனுப்பினால் அந்த ஆளே வாசிப்பாரா என்று கேட்டாராம்.

மேசை இலாச்சியில் இருந்து பேராசிரியர் அனுப்பியிருந்த பயிற்சிப் பத்திரத்தை எடுத்தார். என் பெயருக்கு நேரே, ஆண்டு முடியும்வரை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். இம்முறை வாசித்துவிட்டு.

இனி மறுப்புக் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. சட்டம் இரண்டு. முதல் வரியில் ‘இல்லை’. மிச்சத்தில் எனக்கு உண்மையாகப் பட்டது மட்டும். அப்படியென்றால் கடிதங்கள் மிகவும் சின்னதாக வருமே, மடாம் என்றேன். தெரியும் என்றார்.

நன்றியுரை ஒன்று றெயினிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். சமுத்திரங்கள், நட்சத்திரங்கள், மொரிஷியஸின் மகளிர் குலம், அந்த மகா பருப்பு வடை, எல்லாம் அதில் இருந்தன. எழும்பி நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

ம.சொ. தலை நிமிராமல், “சுருக்கமாக, முசியே.”

‘மெர்ஸி’ என்றேன்.

பிறகு ரோணியோவுக்கு மை ஊற்றினேன்.