உங்கள் பெயரில் ஓட்டுக் கேட்கிறார்கள்

ஆத்தே,

அலமாரியைத் திறந்தால் இன்னும் சாய வாடை அடிக்கிறது. எல்லாம் உங்கள் தம்பி அனுப்பிய டீ-சர்ட்டின் வேலை. முன்பக்கம் உங்கள் ஊர் மேயரின் மகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக, உங்கள் தம்பி. பின்பக்கம் உங்கள் மொழியில் ஒரு வரி. வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஃபிலிப்பைன்ஸ் பெண்ணிடம் காட்டி அர்த்தம் கேட்டேன். 'மறைந்த அக்காவின் ஆசை நிறைவேறட்டும்' என்று இருக்கிறதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டிருப்பேன். உங்கள் தம்பிக்கு உங்கள் மூக்கும் உங்கள் சிரிப்பும். அதனால் கை வரவில்லை, மடித்து உள்ளே வைத்தேன்.

உங்களுக்கா ஆசை? எந்த ஆசை? யாரிடம் சொன்னீர்கள்? பக்கத்தில் இருந்தவள் நான்தானே.

ஆத்தே என்று கூப்பிடச் சொன்னது நீங்கள்தான். உங்கள் மொழியில் அது அக்கா. எங்கள் மதுரைப் பக்கம் பயந்துபோனால்தான் அந்தச் சத்தம் வாயில் வரும் என்று சொன்னேன். "அப்பப் பயந்தே கூப்பிடு" என்றீர்கள். நாம் பேசிக்கொண்டதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் நீங்கள் சொன்னவை எனக்கு இப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் கேட்கின்றன.

ஆக்லாந்துப் பக்கம் பாபகூராவில், நாம் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் ஸ்டாஃப் ரூமில் நீங்களும் நானும் கருவாட்டைச் சூடாக்க, மேனேஜர் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார். அந்த மேசையில்தான் உங்கள் நாட்டு அரசியல் முழுவதும் எனக்கு இறங்கியது. போன ஜனாதிபதித் தேர்தலுக்கு ஓட்டுச் சீட்டு உங்களுக்குத் தபாலில் வந்திருந்தது. ஜனாதிபதிக்குத் தனி ஓட்டு, துணை ஜனாதிபதிக்குத் தனி ஓட்டு. ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி என்றுகூட வந்து உட்காரலாம் என்றீர்கள். அதெப்படிக் குடும்பம் நடக்கும் என்று நான் கேட்டதற்கு, நடக்காது, அதுதான் ஆறு வருடமும் வேடிக்கை என்று சிரித்தீர்கள்.

உங்கள் ஊர் மேயர் வீட்டுக் கதையையும் சொன்னீர்கள். மூன்று முறைக்கு மேல் ஒருவரே தொடர்ந்து மேயராக இருக்க முடியாது என்று சட்டம். சட்டத்தில் குறையே கிடையாது. அவர் முடித்ததும் மனைவி நின்றார். அவர் அந்தப் பக்கம் நாடாளுமன்றத்துக்குப் போனார். மனைவிக்குப் பிறகு மகள் தயாராக இருந்தாள். கட்சி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். யார் ஜனாதிபதியோ அவர் கட்சி. பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் அந்த வீடு மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஊரில் தாவுவதற்கு முன்னால் மனசாட்சி அது இதென்று ஒரு பேட்டியாவது கொடுப்பார்கள் என்றேன். உங்கள் ஊரில் அதுகூடத் தேவையில்லையாம்.

சிரிக்காமல் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உங்கள் அம்மா இறந்தபோது டிக்கெட் கிடைக்காமல் வீடியோவில்தான் பார்த்தீர்கள். வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்தில் மேயரின் பெயர், ஆள் உயர எழுத்தில். மாலையில் மேயர் பெயர். வந்தவர்களுக்குக் கொடுத்த காபிக் கோப்பையிலும் மேயர் பெயர். அங்கே எந்தச் சாவுக்கும் மேயர் அலுவலகம் கூடாரம் அனுப்பும், நாற்காலி அனுப்பும். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் கையெழுத்துத்தான் வேண்டும், பையனின் வேலைக்கு அவர் தலையசைப்புத்தான் வேண்டும். "எங்கம்மா முகத்தைப் பார்க்கணும்னு போன் பண்ணினேன். அவன் பேருதான் தெரிஞ்சுது" என்றீர்கள். பிறகு, "நான் செத்தா எனக்கு மேல எவன் பேரும் இருக்கக் கூடாது. எழுதி வச்சுக்கோ" என்றீர்கள். நான் எழுதி வைக்கவில்லை. அதெல்லாம் மறக்கக் கூடியதா?

அதனால்தான் உங்கள் தம்பி அந்த வீட்டை எதிர்த்துக் கவுன்சிலர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்றபோது, வீடே அலறிய நேரத்தில் நீங்கள் ஒருத்தி மட்டும் நில்லுடா என்றீர்கள். சித்தி அழுதார், மாமா திட்டினார், நகராட்சியில் தற்காலிக வேலையில் இருந்த உங்கள் அண்ணன் மகன் போனையே எடுக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்த் தேர்தலில் ஓட்டுக் கிடையாது, சொந்தத் தம்பிக்கே உங்களால் போட முடியாது. முடியாவிட்டால் என்ன? சாப்பாட்டு இடைவேளை தவறாமல் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துச் சண்டை போட்டே ஓட்டுக் கேட்டீர்கள். தம்பி படுதோல்வி. அண்ணன் மகனுக்கு வேலையும் போயிற்று. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது நிறுத்தினீர்கள்.

"சீட்டுல அவன் பேரும் இருந்துச்சுல்ல? எங்க ஊர்ல அவங்களுக்கும் எதிரா ஆள் இருக்குன்னு எல்லாரும் பார்த்தாச்சு. போதும்."

அதே வீட்டார் அடுத்த முறை தங்கள் அணியிலேயே உங்கள் தம்பிக்கு இடம் தருவதாக ஆள் அனுப்பினார்கள். அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை. உங்கள் தம்பி நயமாகத்தான் சொன்னார். உள்ளே போனால் நாலு பேருக்கு நல்லது செய்யலாம், அண்ணன் மகனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றார். நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்: "வேண்டாம். தோத்தவனாவே இரு."

உங்களை இங்கேயே அடக்கம் செய்தோம். நீங்கள் கேட்டது அதுதான். அன்றைக்குப் பார்த்து ஆக்லாந்து மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. கூடாரம் இல்லை. பாதிரியாருக்கு மட்டும் ஒருவர் குடை பிடித்தார். மற்ற எல்லோரும் தெப்பமாக நனைந்தோம். எனக்கு அழுகையோடு ஒரு திமிரும் வந்தது, சொல்லாமல் என்ன.

போன மாதம் உங்கள் தம்பி என்னைக் கூப்பிட்டார். அவர்களோடு சேர்ந்துவிட்டாராம். கடைசி நாட்களில் கூடவே இருந்தவள் நான் என்பதால், அக்கா மனசார ஆசீர்வாதம் செய்தார் என்று நான் ஒரு நிமிடம் வீடியோவில் சொன்னால் ஊரே நம்புமாம். மேடையில் போடுவார்களாம். டீ-சர்ட்டும் அனுப்பியிருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு பேசினால் நல்லது என்றார். அக்கா வேண்டாம் என்றது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க? நமக்கு எதுக்கு வம்பு? பேசி அனுப்பிட்டுப் போவியா" என்றார்.

"அவங்க வந்து கேக்க மாட்டாங்க. அதான் நான் கேக்குறேன்" என்றேன்.

உங்கள் தம்பியை நான் திட்டமாட்டேன். பிள்ளை குட்டிக்காரர், அந்த ஊரில்தான் அவர் வாழ்ந்தாக வேண்டும். இங்கே பாபகூராவில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவதில் எனக்கு என்ன நஷ்டம்? அவர் நிற்கட்டும், ஜெயிக்கட்டும், யாரோடு வேண்டுமானாலும் கை தூக்கட்டும். ஆனால் உயிரோடு இருந்தபோது உங்களிடம் வாங்க முடியாத சம்மதத்தைச் செத்த பிறகு என் வாயால் வாங்கப் பார்த்தால், அது நடக்காது.

வீடியோ எடுத்தேன். டீ-சர்ட் போடவில்லை, வேலைச் சீருடையில்தான் இருந்தேன். 'உங்கள் அக்கா என்னிடம் சொன்னது இதுதான்' என்று ஆரம்பித்து, அந்தக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன கடைசி வார்த்தையையும் சொன்னேன். இதை மேடையில் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள், இல்லையென்றால் அவர் பெயரை அந்த மேடையில் எடுக்காதீர்கள் என்று முடித்தேன். திரும்ப எடுக்கவில்லை, முதலில் எடுத்ததையே அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவர் கூட்டத்தை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் பார்த்தேன். பாஷை புரியாவிட்டாலும் உங்கள் பெயர் எனக்குப் புரியாதா? ஒரு இடத்தில் அவர் நிறுத்தினார். மேயரின் மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்தார், வேறு ஏதோ பேசினார். கடைசி வரை உங்கள் பெயர் வரவில்லை. மேடைக்கு முன்னால் நின்றவர்கள் முதுகிலும் அந்த வரி இல்லாத புது டீ-சர்ட். நான் சமையலறையில் தனியாக நின்று ஓவென்று அழுதேன்.

அவர் ஜெயித்துவிட்டார், ஆத்தே. அவளும்தான். உங்கள் அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, சித்தி மாமா எல்லோரும் அந்தப் பக்கம். உங்கள் ஊரில் இன்றைக்கு எதிர்க்கட்சி என்று மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி உயிரோடு இல்லை, இன்னொருத்திக்கு அந்த ஊரில் ஓட்டே இல்லை. ஆனாலும் கட்சி கலையவில்லை.