நின்றுபோன மருந்து

பிரிக்பீல்ட்ஸ்,
12.8.1989

அன்புள்ள லோசனிக்கு,

அம்மா எழுதுவது. முருகன் துணையில் அப்பாவும் நானும் சுகம், நீயும் இங்கிலாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இத்தனை வருஷமாக நீங்கள் உருவாக்கிய மூட்டுவலி மருந்து எலிகளின் ஈரலைக் கெடுக்கிறதென்று கம்பெனி அதை நிறுத்திவிட்டதாகப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுத் தங்கமணி அக்கா போன வாரம்கூட, உன் மகள்கிட்ட சொல்லி என் முட்டிக்கு மருந்து அனுப்பச் சொல்லு லா என்றார். அது கடைக்கு வரப் பத்து வருஷமாகும், அதுவரை நடந்துகொண்டிருங்கள் என்று சிரித்தேன். இனி அவரிடம் என்ன சொல்வேன்.

பழைய விரிவுரையாளர் வேலைக்கே திரும்பிவிடட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உன் பேராசிரியர் முத்துக்குமாரு வீட்டுக்கே போய்விட்டார். இடம் காலியாத்தான் இருக்கு, மாசக் கடைசிக்குள்ள சொல்லச் சொல்லுங்க என்றாராம். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதையாக அப்பா உன் அறைக் காற்றாடியைப் பழுது பார்த்துவிட்டார், நீ வந்தால் பாசாரில் எந்த மீன் வாங்குவது என்றுகூடப் பேச்சு. அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், நானும் உன் மெத்தையை வெயிலில் போட்டேன். உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை பிள்ளை, பின்னேரம் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்குப் போகிறேன்.

ஆனால் இங்கே நீ படிப்பித்த காலத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே, மத்தவங்க கண்டுபிடிச்ச மருந்தைத்தான்மா போர்டில வரைஞ்சு காட்டுறேன், நானா ஒண்ணும் செய்யல என்பாய். அந்த முகத்தோடு நீ மறுபடி என் எதிரே சாப்பிட உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. ஒரு மருந்து நின்றால் இன்னொன்றைத் தொடங்க உங்கள் கம்பெனியில் வழி இருக்குமே, அதைக் கேட்டுப் பார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் லீவு போட்டு நாளைக்கே வா. தோற்றுப்போனேன் என்று மட்டும் வராதே.

நீ எடுத்த காரியம் கைகூட முருகன் அருள்வான். மறக்காமல் தலைக்கு எண்ணெய் வை. அப்பாவுக்குத் தனியாகப் பதில் எழுது, இந்தக் கடிதத்தைப் பற்றி அதில் பேச்செடுக்காதே. உடனே புறப்பட்டு வா என்று எழுதச் சொல்லி அவர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா,
குணபூசணி