பச்சைப் பெட்டி என்று சொல்லிவிட்டேன்

ஆடி 14, வெள்ளி. திருத்தணி.

என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

இடைத்தேர்தல் வருகிறதே, சர்க்கார் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று சனங்களைக் கேட்டு எழுதி வரும்படி கட்சியில் சொன்னார்கள். காலையில் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நூல். சர்க்கார் நூலுக்குக் கண்ட்ரோல் போட்டு அளந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பாதித் தறி சும்மா கிடக்கிறது. நெசவுக்கார நாகம்மா என் நோட்டையே பிடித்துக்கொண்டாள்.

"மறக்காம எழுதிக்க நைனா. ஓட்டு எந்தப் பொட்டியில போடணும், அத்த சொல்லு."

"பச்சைப் பெட்டி" என்றேன். கட்சிக்கொரு நிறப் பெட்டி; எங்களுக்குப் பச்சை.

சாயங்காலம் நோட்டைக் கட்சி ஏஜெண்டிடம் கொடுத்தேன். வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க ஏன்யா போனே? எல்லாம் வாடகைக்கு இருக்கறவங்க, வரி கட்டாதவங்க. ஒருத்தருக்கும் ஓட்டு கெடையாது."

பட்டியலில் அந்தத் தெருவுக்கே ஒரே ஆளின் பெயர்தான் இருந்தது. அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர். அவர் இருப்பது அரக்கோணத்தில்.

வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் வரி கட்டினால்தான் ஓட்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு தெரு முழுக்க அப்படி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

ஓட்டு நாளன்று நாகம்மா தலைக்குக் குளித்துவிட்டுச் சாவடி வாசலில் வந்து நிற்பாள். பச்சைப் பெட்டி எங்கே என்று என்னைத்தான் கேட்பாள்.