இலோனா அம்மாளின் தலையை மழித்தது குறித்து

அனுப்புநர்:
ம. புஷ்பமேரி,
இல்லச் செவிலியர்,
ஊழியர் குடியிருப்பு, முசாஃபா, அபுதாபி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
பொன்வசந்தம் இல்லச் செவிலியர் சேவை, அபுதாபி.

பொருள்: நோயாளி இலோனா அம்மாள் (வயது 97) தலைமுடியை அவர் சம்மதமின்றி மழித்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் செய்யச் சொன்னவரும் செய்தவரும் எழுதுகிற நானும் படிக்கப்போகிற தாங்களும் தமிழர்கள்தான். வெட்கக்கேடு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

1. இலோனா அம்மாள் ஹங்கேரியில் பிறந்த யூதர். பேரனுக்கு இங்கே வேலை கிடைத்தபோது உடன் வந்தவர். இரண்டு வருடமாக நான்தான் அவருக்குப் பகல் டூட்டி. சமீபமாக ஞாபகம் தடுமாறும். ஆனாலும் காலையில் சீப்பை எடுத்து என் கையில் கொடுக்க மறந்ததில்லை. வெள்ளைப் பின்னல் இடுப்பு வரை இருந்தது.

2. பதினாறு வயதில் அவரையும் அக்கா ரோஜியையும் சரக்கு ரயிலில் அடைத்து நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். இறங்கிய அன்றே பெண்பிள்ளைகளை நிர்வாணமாக நிற்கவைத்து, படைவீரர்கள் பார்த்துச் சிரிக்க, தலையை மழித்திருக்கிறார்கள். அக்கா பக்கத்திலேயே நின்றும் அடையாளம் தெரியாமல், ரோஜி எங்கே என்று தேடி அழுததாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பனிக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். விடுதலையான பிறகு இவர் தலையில் கத்தரி பட விட்டதே இல்லை.

3. இவ்வளவையும் மேற்பார்வையாளர் திரு. செல்வசிங் அவர்களிடம் சொன்னேன். தலை கழுவவே பாதி நாள் போகிறது, எடுத்துவிடு என்றார். மறுத்தேன். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நாமே மொட்டை போடுகிறோமே, முடிதானே, வளர்ந்துவிடும் என்று சிரித்தார். நாம் மாதாவுக்குக் கொடுப்பது நாமாக மனமுவந்து கொடுப்பது. இந்தப் பெண்ணிடம் பிடுங்கினார்கள். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து திருப்பலி காண்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

4. கடந்த ஞாயிறு எனக்கு விடுப்பு. பேரனும் வெளியூரில். செவிலியர் ஷிபினை அனுப்பி, மெஷின் வைத்து மழித்துவிட்டார்கள். அம்மாள் சத்தமே போடவில்லையாம். மெஷினைப் பார்த்ததும் தானாகவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, நேராக நின்றாராம். நோயாளி நன்கு ஒத்துழைத்தார் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள்.

5. திங்கள் காலை நான் போனபோது அம்மாள் அலமாரிக் கண்ணாடி முன் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கண்ணாடியைக் காட்டி, "ரோஜி இங்கேதான் இருக்கிறாள். பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை" என்றார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

6. கீழ்ப்படியவில்லை என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. நாளை முதல் இங்கிருந்து வெகுதூரத்திலுள்ள ருவைஸில் டூட்டி. நோயாளியைக் குழப்புகிறது என்று அந்தக் கண்ணாடியையும் நாளை கழற்றச் சொல்லியிருக்கிறார் திரு. செல்வசிங்.

மெமோவை ரத்து செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை, ருவைஸுக்குப் போகிறேன். நடந்ததைப் பேரனிடம் மறைக்காமல் சொல்லவும், செய்தவர்களை விசாரிக்கவும் வேண்டுகிறேன். அதற்கு முன்பாக, கண்ணாடியை இருந்த இடத்திலேயே விட்டுவைக்க இன்றே உத்தரவிடுங்கள். அக்காவை அவரிடமிருந்து இரண்டாவது முறை பிரிக்கிற வேலையை நம் ஆட்கள் செய்ய வேண்டாம்.

இடம்: அபுதாபி
நாள்: 18.11.2025

தங்கள் பணியாளர்,
(ஒப்பம்) ம. புஷ்பமேரி