சாலையோரக் குட்டி வீடு

அன்பானவனே,

உன்னையும் காரையும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நானும் நம் மகள் அயெலெனும் பஸ்ஸில் மெண்டோசா வந்துவிட்டோம். அவள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

மலையடிவாரத்தில் பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டபோது, நீ சங்கிலிப் பையைக் குலுக்கிக் காட்டினாய். "சத்தம் கேட்டாலே விட்டுடுவான், பாத்தியா," என்று சிரித்தாய். அது உன் அண்ணன் காருடையது, நம் டயரில் ஏறாது என்று எனக்கும் தெரியும்.

பனிக்கட்டியில் வழுக்கிய கார், விபத்தில் செத்தவர்கள் நினைவாகச் சாலையோரம் கட்டிய குட்டி வீட்டில் முட்டித்தான் நின்றது. அதற்கு அப்பால் பள்ளம்.

"அம்மா, அந்த வீட்டுல யாரு இருக்கா?" என்று அயெலென் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உள்ளே பலகையில் அப்பா, அம்மா, ஆறு வயது மகள் என மூன்று பெயர்களைப் படித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் குட்டி வீட்டின் கூரையை உடைத்திருக்கிறோம். சரிசெய்துவிட்டு வா. அதற்கு முன் வராதே.

இப்படிக்கு,
உன்னோடு சேர்ந்து சிரித்தவள்