மூன்றாவது இணைப்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா மகள் கிளாரிபெல்லின் புது வீட்டுக்கு இன்று கூரைத் தளம் போட்டாயிற்று. தெருவில் பாதிப் பேர் கான்கிரீட் பக்கெட்டைத் தூக்கினார்கள், மீதிப் பேர் பன்றிக்கறித் தட்டைத் தூக்கினார்கள். தளத்துக்குள் ஓடும் மின்குழாய் முழுவதும் அடியேன், இக்கடற்கரையின் மின்சாரச் சக்கரவர்த்தி டியோஸ்தாடோவின் கைவேலை. முனையைத் துடைத்து, பசை தடவி, கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும்வரை பிடித்து நான் ஒட்டியதைப் பிரிக்க ஏழு எருமையும் ஒரு பூகம்பமும் வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் செருகிப் பார்ப்பேன். அளவு சரியென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டுவேன். நேற்று மாலை செருகியாயிற்று. காலையில் ஒட்டிக்கொண்டே வந்தேன், அக்காவுக்கென்று ஒதுக்கிய அறைக்கு மேலே மூன்றே மூன்று இணைப்பு பாக்கி. அதற்குள் கீழேயிருந்து மேஸ்திரி பெர்டிங் கத்தினான்:

"அண்ணே, கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு! ஏறுற தண்ணியிலதான் தளம் போடணும். இறங்குற தண்ணியில போட்டா இந்த வீட்டுச் சோறும் சேர்ந்து இறங்கிடும். சேவலைப் பிடிக்க வாங்க!"

நான்கு மூலைத் தூணிலும் சேவல் ரத்தம் விட வேண்டும். பிடிப்பது குடும்பத்தில் மூத்த ஆண். அந்தச் சேவலோ ஒரு குதிரையின் பலத்தோடு என்னை வீட்டைச் சுற்றி இழுத்தது. திரும்பி ஏறினால் பக்கெட் வரிசை அக்கா அறைவரை வந்துவிட்டது. இரண்டை ஒட்டினேன். மூன்றாவதை அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது.

"முடிஞ்சுதாண்ணே?"

"எப்பவோ முடிஞ்சுது. கொட்டு!"

ஒன்றுதானே.

பிப்ரவரி 19, புதன்

ஆஸ்பத்திரி. அக்கா எர்லிண்டா பாதியாகிவிட்டாள். மூக்கில் குழாய். நுரையீரல் இனித் தேறாது, வீட்டுக்கே கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை: ஆக்சிஜன் மிஷினுக்கு அந்த அறையில் தனி லைன் வேண்டும். பக்கத்து அறையிலிருந்து வயரை நீட்டி ஓட்டக் கூடாது.

"என்னடா மின்சார மந்திரி, என் ரூமுக்குக் கரண்ட் வந்துச்சா?"

"மந்திரியா? ராஜாக்கா, ராஜா! நீ வர்ற அன்னைக்கு அந்த ரூமைப் பாத்து சூரியனே கண்ணைக் கசக்கும்."

"சூரியன் கிடக்கட்டும்டா. மூச்சு விட மிஷின் ஓடினாப் போதும். இங்க செத்தா சுவத்தைப் பாத்துக்கிட்டு சாகணும். அங்க கடலாவது தெரியும்."

செவிலியை மூன்று முறை சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். அக்கா ஒரு முறை சிரித்தாள், உடனே இருமல் வந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

சென்ட்ரிங் பலகை பிரித்தார்கள். மற்ற அறைகளுக்கு வயர் இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போனது போலப் போயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா அறை. வயர் இழுக்கும் ஸ்பிரிங் கம்பியைக் குழாய்க்குள் விட்டேன். நான்கு மீட்டரில் முட்டி நின்றது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எண்ணெய் தடவி, முறுக்கி, கெட்ட வார்த்தை சொல்லி - நகரவில்லை.

எந்த இடம் என்று அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

கிளாரிபெல் வந்தாள். "என்ன மாமா, நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாமா?"

"தடி வயர் கடையில இல்லம்மா. வியாழக்கிழமை வருதாம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம்.

மார்ச் 5, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு தளத்தை அடியிலிருந்து உளியால் கொத்துகிறேன். அந்த இடத்தைத் திறந்து குழாயை மாற்றிப் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணெல்லாம் சிமெண்டுத் தூள். குறுக்கே இரும்புக் கம்பி.

சுவர்மேல் குழாய் ஓட்டலாம், தெரியும். ஓட்டினால் பெர்டிங் கேட்பான், உள்ளே என்னாச்சு அண்ணே? அவன் கேட்டால் ஊர் கேட்கும். நாற்பது வருஷமாக மற்றவர்களின் இணைப்பைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

மார்ச் 6, வியாழன்

திறந்தேன். குழாய் இணைப்பிலிருந்து ஒரு விரலளவு விலகியிருக்கிறது. அந்தச் சந்து வழியாகக் கான்கிரீட் பால் இறங்கி, இரண்டு பக்கமும் ஒரு முழம் கல்லாகிவிட்டது. இன்னும் கொத்த வேண்டும்.

"மாமா, வயர் வந்துச்சா? நான் வேணா பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வரட்டா?"

"உனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது. ஏமாத்திடுவானுங்க."

அம்மாவுக்காக ஓடத் தயாராக நின்ற பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

கிளாரிபெல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அக்கா பையை எடுத்துக் கட்டிலில் வைக்கச் சொல்லி, துணி மடித்து வைத்துக்கொண்டாளாம். "தம்பி சொன்னா முடிச்சிருவான்" என்கிறாளாம்.

நாளைக்குச் சுவர்மேலேயே ஓட்டிவிடுகிறேன். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

மார்ச் 8, சனி

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே அக்கா உயிர் போயிருக்கிறது. ஆறேகாலுக்கு நான் ஏணியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

அக்காவை அந்த அறையில்தான் கிடத்தியிருக்கிறோம். சவப்பெட்டியின் இரண்டு விளக்குக்கும் பக்கத்து அறையிலிருந்து வயர் நீட்டியிருக்கிறது. தலைக்கு மேலே நான் கொத்திய ஓட்டை. இரவு கண்விழிக்க வந்தவர்கள் வழக்கம்போல் காபி குடித்தார்கள், சீட்டாடினார்கள். "ஏதாவது கதை சொல்லுங்கண்ணே" என்றான் பெர்டிங். என்ன கதையடா சொல்ல? மேலே பாத்தியா நீ? பாத்துட்டுத்தான் கேக்குறியா?

அவன் பார்த்திருக்கிறான். என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினான்.

மார்ச் 12, புதன்

அடக்கம். மழை.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு கிளாரிபெல்லிடம் சொன்னேன். பசை தடவாதது, வயர் கடையில் இருந்தது, எல்லாம். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசித் தட்டையும் அடுக்கிவிட்டு, "அந்த ரூமுக்கு லைன் போட்டுக் குடுத்துடுங்க மாமா" என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

எட்டரைக்குத் தொடங்கினேன். வாசல் மின்பெட்டியிலிருந்து சுவர்மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி. பதினோரு இணைப்பு. ஒவ்வொன்றையும் துடைத்து, தடவி, திருப்பி, முப்பது எண்ணினேன். பன்னிரண்டு மணி ஆலய மணி அடிப்பதற்குள் விளக்கு எரிந்தது.

கிளாரிபெல் வாசற்படியில் நின்று விளக்கைப் பார்த்தாள். குழாயை மூலைவரை கண்ணால் தொடர்ந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா மாமா?"

"இவ்வளவுதாம்மா."